ஆயில் என்ஜினுக்குப் பிஸ்டன் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சென்ற நவரைப் பட்டத்தில் பூவிருந்தவல்லிக்கு மேற்கே ஒரு சிற்றூருக்குப் பயிர் பார்க்கச் சென்றிருந்தேன். இரண்டு ஏக்கர் நெல் பொதிப் பருவத்தில் நின்றது. வயலிலோ வெடிப்பு விட்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். "தண்ணி இருக்குதுங்க ஐயா, இறைக்கத்தான் வழியில்லே" என்றார் விவசாயி. அவருடைய 5 எச்.பி. ஆயில் என்ஜின் கொட்டகையில் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. பிஸ்டனின் தலையில் வால்வு இடித்த தடம் நிலாப் பிறை போலப் பதிந்திருந்தது.

என்ஜின் வேலை செய்து முடித்து ஐந்து நாள்கூட ஆகவில்லை என்றார். வேலை செய்தவர், "ஸ்ட்ரோக்கைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன், ஐந்து எச்.பி. ஏழு எச்.பி. போல இழுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். கிணற்று நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கிக் கொண்டிருந்ததால் இவரும் ஒப்புக் கொண்டார். மறுபடி உதிரிப் பாகங்கள் வாங்கி வேலை முடிய எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் மேட்டுப் பாத்திகளில் பாதிக் கதிர் பதராகிவிட்டது.

இவரைப் போல் ஏமாந்தவர்கள் பலர். மின் இணைப்பு இல்லாதவர்களுக்கும், மின்சாரம் நின்ற நேரத்தில் இறைக்க வேண்டியவர்களுக்கும் ஆயில் என்ஜின் இன்றும் துணை. அதை இறக்கிப் பிரிக்கும்போது பிஸ்டனையும் மற்ற உள்பாகங்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, ஸ்ட்ரோக்கைக் கூட்டுவதால் உண்மையில் என்ன கிடைக்கும் என்பதை இங்கே பார்ப்போம்.

பிரிப்பதற்கு முன்

புகை வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் என்ஜினைப் பிரித்துவிடக் கூடாது. கரும்புகைக்கு நாசில் கோளாறும், அடைத்துப் போன ஏர் பில்டரும், அதிகச் சுமையும் காரணமாக இருக்கலாம். வால்வு சரியாகப் படியாவிட்டாலும், காஸ்கெட் கசிந்தாலும் அமுக்கம் குறையும். இவை சிறிய செலவில் முடியும் வேலைகள்.

நீலப்புகை நிற்காமல் வருவது, என்ஜின் ஆயில் நாளுக்கு நாள் குறைவது, பிரீதர் துளை வழியே புகை குபுகுபுவென்று வருவது ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் பிஸ்டன், ரிங், லைனர் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். டீகம்ப்ரஷன் நெம்புகோலை விட்டுவிட்டு பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல என்ஜினில் அமுக்கம் எதிர்த்துத் தள்ளும். தேய்ந்த என்ஜினில் எதிர்ப்பே இல்லாமல் சுற்றும்.

தேய்மானத்தை நீங்களே அளக்கலாம்

லைனரின் மேற்பகுதியில், முதல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அடிப்பகுதியில் ரிங் படாத இடம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். பட்டறையில் போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளப்பதே முறை.

போர் கேஜ் இல்லாத இடத்தில் ஒரு புது ரிங்கும் பீலர் கேஜும் போதும். ரிங்கை லைனரின் அடியில் தேயாத இடத்தில் மட்டமாக வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே தேய்ந்த இடத்தில் வைத்து அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். கீழே 0.40 மி.மீ., மேலே 1.10 மி.மீ. என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் 0.70. அதை 3.14 ஆல் வகுத்தால் 0.22 மி.மீ. இந்த நிலையில் ரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. புது ரிங் பழைய பள்ளத்தில் சரியாகப் படியாது. சில மாதங்களில் பழைய கதைதான்.

ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா?

லைனர் மாற்றக்கூடிய என்ஜினாக இருந்தால் கம்பெனி அளவில் புது லைனர், பிஸ்டன், ரிங், பின் அடங்கிய தொகுப்பைப் போடுவதே நல்லது. என்ஜின் மறுபடி பிறந்த அளவுக்கு வந்துவிடும்.

போரிங் செய்வதானால் ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். இவை பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். பட்டறையில் இவற்றையே 10 சைஸ், 20 சைஸ், 30 சைஸ், 40 சைஸ் என்பார்கள். மேலே சொன்ன 0.22 மி.மீ. தேய்மானத்துக்கு 0.25 ஓவர்சைஸ் போதும் என்று தோன்றும். ஆனால் தேய்மானம் வட்டம் முழுவதும் ஒரே அளவாக இராது. முழுவதும் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால், பழைய மையம் மாறாமல் துளையைச் சுத்தமாக எடுக்க 0.44 மி.மீ. தேவைப்படும். ஆகவே 0.50 ஓவர்சைஸ்தான் பொருந்தும். அளக்காமல் பிஸ்டன் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு செய்தி. முதலில் பிஸ்டனை வாங்கிக் கொள்ளுங்கள். அதைப் பட்டறைக்குக் கொண்டு போய், அதன் அளவுக்கு ஏற்பப் போரிங்கும் ஹோனிங்கும் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன் முழு வட்டம் அன்று. மேலே சற்று ஒடுங்கியும், பின் இருக்கும் திசையில் சற்றுக் குறுகியும் இருக்கும். பின்னுக்குக் குறுக்குத் திசையில், கம்பெனி சொல்லும் உயரத்தில் அளப்பதே சரியான அளவு.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி ஏன் வேண்டும்? அலுமினியக் கலவை சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 80 மி.மீ. விட்டத்தில் 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் சுமார் 0.17 மி.மீ. விரிகிறது. வார்ப்பிரும்பு 0.09 மி.மீ. அளவே விரிகிறது. இடைவெளி குறைந்தால் பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். கூடினால் தட்டும், ஆயில் குடிக்கும். சரியான இடைவெளி ஒவ்வொரு பிஸ்டனுக்கும் வேறுபடும். பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

விட்டம் ஒன்றானால் போதாது

பழைய பிஸ்டனைக் காட்டி, "இதே விட்டத்தில் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது பெருந்தவறு. ஒரே விட்டமுள்ள இரண்டு பிஸ்டன்கள் நான்கு வகையில் வேறுபடலாம்.

ஒன்று, பின் துளையின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம். இது அரை மி.மீ. கூடினாலும் பிஸ்டன் அரை மி.மீ. மேலே வந்துவிடும். இரண்டு, தலையில் உள்ள குழியின் ஆழமும் வடிவமும். டீசல் எரிவது இக்குழியில்தான். குழி மாறினால் அமுக்கமும் மாறும், எரிவதும் மாறும். மூன்று, பின்னின் விட்டமும் ரிங் பள்ளங்களின் அகலமும். நான்கு, எடை. ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் எடை மாறினால் அதிர்வு கூடும்.

ஆகவே என்ஜின் மாடலையும், தகட்டில் உள்ள எண்ணையும் எழுதிக் கொண்டு போய், அந்த மாடலுக்குரிய பிஸ்டனையே கேட்டு வாங்குங்கள். பழைய பிஸ்டனையும் புதியதையும் ஒரே பின்னில் கோத்துப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தினால் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வார்ப்புப் பிஸ்டனா, அடித்துச் செய்த போர்ஜ்டு பிஸ்டனா என்று சிலர் கேட்கிறார்கள். பந்தய என்ஜின்களுக்குத்தான் அந்தக் கவலை. 1500 சுற்றில் நிதானமாக ஓடும் இறவை என்ஜினுக்குக் கம்பெனி கொடுத்த வார்ப்புப் பிஸ்டனே தாராளம்.

ரிங், ராடு, பேரிங்

ரிங்குகளில் 'டாப்' என்று குறி இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும். வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். குரோமியப் பூச்சுள்ள லைனரில் குரோமிய ரிங் போடக் கூடாது; இரண்டும் ஒன்றையொன்று அரித்துவிடும். 80 மி.மீ. சிலிண்டரில் ரிங் வாய் இடைவெளி கால் மி.மீ.க்குச் சற்று முன்பின்னாக இருப்பது வழக்கம். வாய் இடைவெளியே இல்லாமல் போட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

கனெக்டிங் ராடு நேராக இருக்கிறதா, முறுக்கு இருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுமுனைப் புஷ்ஷையும் பெருமுனை போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். பழைய போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கையே உடைத்துக் கொண்டு வெளியே வரும்.

கிராங்க் ஷாப்டின் பின்னில் கோடும் கோணலும் இருந்தால் கிரைண்டிங் செய்து, குறைந்த அளவுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். பேரிங் இறுக்கமாக இல்லையென்று தொப்பியை அரம் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது. பேரிங்கின் ஆயில் துளையும் ராடு அல்லது பிளாக்கின் துளையும் நேராக வருகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே மூட வேண்டும்.

ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் சக்தி கூடுமா?

பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஓடும் தூரம்தான் ஸ்ட்ரோக். கிராங்க் ஷாப்டின் மையத்திலிருந்து பின்னின் மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு. நம் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த கிர்லோஸ்கர் ஏ.வி.1 என்ஜினை எடுத்துக் கொள்வோம். சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., கொள்ளளவு 553 சி.சி., 1500 சுற்றில் 5 எச்.பி., அமுக்க விகிதம் 16.5.

பட்டறையில் ஸ்ட்ரோக்கைக் கூட்டும் வழி, கிராங்க் பின்னை மையம் தள்ளிக் கிரைண்டிங் செய்வது. பின்னில் 1 மி.மீ. குறைத்து, அதை முழுவதும் உள்பக்கமாகவே எடுத்தால் பின்னின் மையம் அரை மி.மீ. வெளியே தள்ளிப் போகும். ஸ்ட்ரோக் 1 மி.மீ. கூடும். கொள்ளளவு 5 சி.சி. அதிகமாகும். அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 5 எச்.பி. 7 எச்.பி. ஆவது எங்கே?

பெரிய கிராங்க் போட்டு ஸ்ட்ரோக்கை 5 மி.மீ. கூட்டினாலும் கொள்ளளவு 578 சி.சி.தான். கூடுதல் நூற்றுக்கு நாலரை. அதுவும் கூடுதல் டீசல் எரித்தால்தான். கொள்ளளவு மட்டும் கூடி டீசல் கூடாவிட்டால் சக்தி கூடாது.

இனி நட்டத்தைப் பாருங்கள். ஸ்ட்ரோக் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியளவு பிஸ்டன் மேலே ஏறும், பாதி கீழே இறங்கும். மேலே ஏறிய பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே சிறிய டீசல் என்ஜின்களில் இருப்பது ஏறத்தாழ ஒரு மி.மீ. இடைவெளிதான். 5 மி.மீ. ஸ்ட்ரோக் கூடினால் பிஸ்டன் 2.5 மி.மீ. ஏறும். இருக்கும் இடமோ ஒரு மி.மீ. அந்த அளவுக்கு உயரம் குறைந்த பிஸ்டனோ, குட்டையான ராடோ இல்லாமல் என்ஜின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. அடிப்பக்கம் பிஸ்டன் லைனரை விட்டு வெளியே வரும். கிராங்கின் எடைக்கட்டியில் இடிக்கவும் கூடும். பந்தய வண்டிக்காரர்கள் ஸ்ட்ரோக்கைக் கூட்டும்போது கிராங்க், ராடு, பிஸ்டன் மூன்றையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து மாற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை.

முதலில் சொன்ன விவசாயியின் என்ஜினில் நடந்தது இதுதான். உட்கார்ந்து அளந்து பார்த்தோம். மையம் தள்ளிய கிரைண்டிங்கால் பிஸ்டன் அரை மி.மீ. ஏறியிருந்தது. பிளாக்கின் மேற்பரப்பை மட்டமாக்க 0.3 மி.மீ. சீவியிருந்தார்கள். காஸ்கெட் பழையதைவிட 0.2 மி.மீ. மெல்லியது. மூன்றும் சேர்ந்து ஒரு மி.மீ. இருந்த இடைவெளி முழுவதும் போயிற்று. அமுக்க விகிதமும் 16.5-லிருந்து 19-க்கு மேல் ஏறிவிட்டது. குளிர்ந்த நிலையில் எப்படியோ ஓடிய என்ஜின், சூடேறி உலோகம் விரிந்ததும் இடிக்கத் தொடங்கியது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வேலை. கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

கம்பெனிகள் என்ன செய்கின்றன?

அதே கிர்லோஸ்கரின் 7 எச்.பி. டி.வி.1 என்ஜினிலும் ஸ்ட்ரோக் 110 மி.மீ.தான். விட்டத்தை 87.5 மி.மீ. ஆக்கிக் கொள்ளளவை 661 சி.சி.க்குக் கொண்டு போனார்கள். திருவொற்றியூரில் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிளிலும் இப்படியே. பழைய 350-க்கும் 500-க்கும் ஸ்ட்ரோக் 90 மி.மீ.தான், விட்டம் மட்டும் 70, 84 மி.மீ. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் விட்டால் கிராங்கும் பிளாக்கின் உயரமும் மாறாமல் இருக்கும் என்பது இதன் பயன்.

ஆவடியில் 1987-ல் ஏற்பட்ட என்ஜின் தொழிற்சாலையில் செய்யப்பட்ட டி-72 டாங்கியின் 12 சிலிண்டர் என்ஜினில் ஒரு வரிசைக்கு ஸ்ட்ரோக் 180 மி.மீ., மறு வரிசைக்கு 186.7 மி.மீ. ஒரு வரிசை ராடுகள் மறு வரிசை ராடுகளோடு இணைக்கப்பட்டிருப்பதால் வரும் வித்தியாசம் இது. ஒரே என்ஜினில் இரண்டு ஸ்ட்ரோக் இருக்க முடிகிறது. ஆனால் வரைபடத்திலேயே எல்லாப் பாகங்களையும் அதற்கேற்ப அமைத்த பிறகுதான். கிரைண்டிங் கல்லில் செய்கிற வேலையல்ல அது.

ஈயக் கம்பிச் சோதனை

என்ஜினை மூடுவதற்கு முன் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளப்பது மிக எளிது. குழியில்லாத விளிம்புப் பகுதியில், பின் இருக்கும் திசையில் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. ஈயக் கம்பித் துண்டுகளைச் சிறிது கிரீஸ் தடவி ஒட்டுங்கள். புது காஸ்கெட்டோடு ஹெட்டைப் போட்டு முழுமையாக முறுக்குங்கள். பிளைவீலைக் கையால் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய ஈயத்தின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளவுங்கள். அதுதான் இடைவெளி. கையேட்டில் உள்ள அளவுக்குப் பொருந்தவில்லையானால் காஸ்கெட் அல்லது ஷிம் மாற்றிச் சரி செய்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கால் மணி நேர வேலை இது. மேற்சொன்ன விவசாயிக்கு இதைச் செய்திருந்தால் பயிர் காய்ந்திராது.

தண்ணீர் போதாததற்கு மருந்து வேறு

என்ஜின் இழுக்கவில்லை என்ற குறைக்குப் பல சமயம் என்ஜின் காரணமே அல்ல. விநாடிக்கு 6 லிட்டர் தண்ணீரை 20 மீட்டர் ஏற்ற 1.6 எச்.பி. வேண்டும். பம்பின் திறன் பாதி என்று கொண்டால் 3.2 எச்.பி. அதே தண்ணீரை 30 மீட்டர் ஏற்ற 4.8 எச்.பி. ஆகிவிடும். ஆகவே குறுகிய குழாய், தேவையற்ற பெண்டுகள், அடைத்த புட்வால்வு, தேய்ந்த இம்பெல்லர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அங்கே மிச்சமாகும் சக்தி ஸ்ட்ரோக்கில் கிடைக்கும் நூற்றில் ஒரு பங்கைப் போல் பல மடங்கு.

பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உறிஞ்சு உயரம் 6 மீட்டருக்குள் இருப்பது நலம். அதற்கு மேல் எந்த என்ஜினைப் போட்டாலும் பம்பு தடுமாறும். அதற்காக என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் உயிரை வாங்கும்.

கவர்னரைத் திருகிச் சுற்றைக் கூட்டுவதும் தவறு. சுற்று நூற்றுக்குப் பத்து கூடினால் பம்பு கேட்கும் சக்தி நூற்றுக்கு முப்பத்துமூன்று கூடும். என்ஜின் திணறிக் கரும்புகை கக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

அம்பத்தூர், பாடி, ஆவடி வட்டாரத்தில் லேத்தும் போரிங் இயந்திரமும் உள்ள பட்டறைகளுக்குக் குறைவில்லை. 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் செம்பியத்தில்தான் இருக்கிறது. துல்லிய வேலை தெரிந்த கைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. நாம் அளவு கேட்டால் அவர்கள் தருவார்கள். ஆகவே பில்லோடு இந்த ஆறு அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்.

1. போரிங்குக்குப் பின் சிலிண்டர் விட்டம்.
2. பிஸ்டன் அளவு, இரண்டுக்கும் உள்ள இடைவெளி.
3. ரிங் வாய் இடைவெளிகள்.
4. கிராங்க் பின் விட்டமும் பேரிங் சைஸும்.
5. கிரைண்டிங்குக்குப் பின் ஸ்ட்ரோக் மாறவில்லை என்ற உறுதி.
6. ஈயக் கம்பியில் கண்ட ஹெட் இடைவெளி.

வேலை முடிந்ததும் முதல் சில நாள்கள் டெலிவரி வால்வைப் பாதி மூடிச் சுமையைக் குறைத்து ஓட்டுங்கள். சென்ட்ரிபியூகல் பம்பில் தண்ணீர் குறைந்தால் சுமையும் குறையும். முதல் ஆயிலைக் கையேட்டில் சொன்ன மணிக் கணக்குக்குள் மாற்றிவிடுங்கள். புது ரிங் படியும்போது உதிரும் உலோகத் தூள் அதில்தான் இருக்கும். ஏர் பில்டரை வாரம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். புது லைனருக்குப் புழுதியைவிடப் பெரிய எதிரி இல்லை.

அந்த விவசாயி இப்போது கம்பெனி அளவில் லைனரும் பிஸ்டனும் போட்டு, கிராங்கை மாற்றிக் கொண்டார். சக்ஷன் குழாயை ஒரு அளவு பெரிதாக்கி, இரண்டு பெண்டுகளை எடுத்துவிட்டார். அதே 5 எச்.பி. என்ஜின் சொர்ணவாரிக்குத் தட்டாமல் இறைத்தது. அடுத்த பட்டத்துக்கு நாற்று விடும் முன், பயிர் தண்ணீர் கேட்காத நாளாகப் பார்த்து உங்கள் என்ஜினையும் ஒரு முறை அளந்து வைத்துக் கொள்ளுங்கள்.